அலசத் தெரிந்தவருக்கே துவைக்கத் தெரியும்

புதிதாகத் துணி துவைக்க ஆரம்பித்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சலவைக்கடைக்காரர் சொல்பவை

கறுப்பு டீ-ஷர்ட்டில் வெள்ளைத் திட்டு. கருநீலச் சேலையின் ஓரத்தில் அலை அலையாக ஒரு கோடு. பேன்ட் பையை வெளியே இழுத்தால் உள்ளே பவுடர் கட்டி. ஹாஸ்டலுக்குப் போன பிள்ளைகளும், வேலை கிடைத்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி தங்கைகளும், புதுக் குடித்தனக்காரர்களும் கடைக்குக் கொண்டுவந்து காட்டுவது இவற்றைத்தான். "பவுடர் மட்டமுங்களா? மெஷின் சரியில்லீங்களா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டின் மேலும் குற்றம் இருக்காது.

துவைத்த துணியில் தெரியும் திட்டு பெரும்பாலும் அழுக்கே கிடையாது. அழுக்கை எடுக்கவும் துணியை மினுக்கவும் நீங்களே போட்ட பொருள்தான் அது: பவுடர், சோப்பு, நீலம், கஞ்சி, துணியை மென்மையாக்க ஊற்றும் கம்ஃபர்ட். கூடவே தண்ணீர் தன் பங்குக்குக் கொண்டுவந்த சுண்ணாம்பும் இரும்பும். உள்ளே போனது வெளியே வரவில்லை, அவ்வளவுதான். அழுக்கை எடுப்பது சோப்பின் வேலை. சோப்பை எடுப்பது தண்ணீரின் வேலை. இந்த இரண்டாவது வேலையில்தான் எல்லோருக்கும் அவசரம். நான் சொல்லப்போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

1. திட்டு என்ன இனம் என்று முதலில் பாருங்கள்

திட்டைக் கண்டதும் இன்னொரு கை பவுடரை அள்ளிப் போட்டு மறுபடியும் துவைப்பவர்கள் அதிகம். பவுடரால் வந்த திட்டு பவுடரால் போகுமா?

காய்ந்த திட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் ஒன்று கரையாத பவுடர், அல்லது தண்ணீரின் சுண்ணாம்பு. இரண்டில் எது என்று தெரிய அந்த இடத்தை வெந்நீரில் நனைத்துக் கசக்குங்கள். வழுக்கி நுரைத்தால் பவுடர். நுரையே இல்லாமல் சொரசொரப்பாக நின்று, வினிகர் பட்டதும் கரைந்தால் சுண்ணாம்பு. எண்ணெய் பட்ட இடம் போலக் கறுத்துத் தெரிந்தால் கம்ஃபர்ட் நேராக விழுந்திருக்கிறது. விறைப்பாக இருந்து, நனைத்ததும் கொழகொழத்தால் கஞ்சி. மஞ்சளும் பழுப்பும் இரும்பு. நனைத்தாலும் காய்ந்தாலும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரிந்து, எதற்கும் அசையாமல் இருந்தால் அங்கே சாயமே போய்விட்டது, பிளீச் தெறித்திருக்கும். அதை எந்த அலசலும் மீட்காது. அந்த இடத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

2. உங்கள் குழாயில் வருவது என்ன தண்ணீர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோவையில் சிறுவாணித் தண்ணீரில் துவைத்துப் பழகியவர்கள், போர் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டுக்குக் குடிபோனால் சில வாரங்களிலேயே துண்டு விறைக்கத் தொடங்கும். பவுடர் அதேதான், கை அதேதான், தண்ணீர்தான் வேறு. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கிடந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இதைத்தான் பள்ளியில் கடின நீர் என்று படித்தீர்கள். வீட்டில் உப்புத் தண்ணி என்கிறோம்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை. அந்த 600 மில்லிகிராம் தண்ணீரில் 20 லிட்டர் பிடித்தால், வாளிக்குள் 12 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமானது கரைந்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாது, துணி காயும்போது தெரியும்.

சோதிப்பது சுலபம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, சாதாரண சோப்பைச் சீவிக் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். மேலே நுரையும் கீழே தெளிந்த நீருமாக நின்றால் நல்ல தண்ணி. நுரை எழாமல் முழுதும் பால் போலக் கலங்கினால் உப்புத் தண்ணி. இதற்கு டிடர்ஜென்ட் பவுடரைப் பயன்படுத்தாதீர்கள். அது எந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைத்து உங்களை ஏமாற்றும். வாட்டர் ஹீட்டர் ராடில் வெள்ளைப் படிவு ஏறியிருந்தால் சோதனையே வேண்டாம்.

உப்புத் தண்ணீர்தான் விதி என்றால் இரண்டு வழி சொல்கிறேன். முதல் வழி: துவைப்பதும் முதல் அலசலும் போர் தண்ணீரில் இருக்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு வாளி வையுங்கள். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது கிடையாது. இரண்டாவது வழி: ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சலவை சோடாவைக் கலக்கி அப்படியே விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு பிரிந்து அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் மெல்லச் சாய்த்து எடுத்துத் துவைக்கப் பயன்படுத்துங்கள். சோடாவைத் துணியோடு சேர்த்துப் போட்டால் அந்தச் சுண்ணாம்பு துணியில்தான் படியும். வரிசை மாறினால் மருந்தே நோயாகும்.

இன்னொன்று. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துத் துணிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தண்ணீரை மிச்சம் பிடிக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் கருவி வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் திரண்டிருக்கிறது. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஊற்றுங்கள், அலசலுக்கு வேண்டாம்.

3. பவுடரைக் கையால் அள்ளாதீர்கள்

அளவு சொல்ல பாக்கெட்டின் பின்னால் ஒரு கட்டம் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்கிறவர்கள் குறைவு. எவ்வளவு துணி, எவ்வளவு அழுக்கு, கை சலவையா மெஷினா என்று பார்த்து அதன்படி அளந்து போடுங்கள். ஒரு பழைய மேசைக்கரண்டியை டப்பாவுக்குள்ளேயே போட்டு வைத்தால் கை தானாக அடங்கும்.

நுரை நிறைய வந்தால் அழுக்கு நிறைய போகும் என்பது பொய்க் கணக்கு. நுரை மிகுந்தால் துணி ஒன்றோடொன்று உரசாமல் மெத்தையில் மிதக்கும். அழுக்கும் போகாது, நுரையும் இறங்காது. முன்பக்கக் கதவு வைத்த மெஷின்கள் மிகக் குறைந்த தண்ணீரில் வேலை செய்பவை. அவற்றுக்கென்று நுரை குறைவாக வரும் பவுடரும் திரவமும் தனியாக விற்கிறார்கள். கை சலவைப் பவுடரை அதில் போடுவது திட்டுக்கு அழைப்பு வைப்பதுதான்.

ஒருநாள் உடுத்திய அலுவலகச் சட்டைக்கும், கிரிக்கெட் ஆடிவிட்டு வந்த பேன்ட்டுக்கும் ஒரே அளவு வேண்டியதில்லை. வியர்வை மட்டும் பட்ட துணிக்கு, பாக்கெட்டில் சொன்னதில் குறைந்த அளவே தாராளம்.

4. தண்ணீரில் பவுடரைத் தூவுங்கள். பவுடர் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்

பவுடரில் சோடா உப்பு நிறைய. கொஞ்சம் தண்ணீர் பட்டதும் அது இறுகிக் கட்டியாகும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் கட்டியின் உட்புறம் கரையாது. அந்தக் கட்டி போய் ஒளிவது பேன்ட் பை, காலர் மடிப்பு, ஹூடியின் தொப்பி. எனவே வாளியில் தண்ணீர் பிடித்து, பவுடரைத் தூவி, கையால் கலக்கி, அடியில் விரல் வைத்து நெருநெருப்பு இல்லை என்று பார்த்த பிறகே துணியை முக்குங்கள்.

மேலே மூடி திறக்கும் மெஷினிலும் இதே முறைதான்: தண்ணீர் நிரப்பி, பவுடர் போட்டு, வெறும் டிரம்மை ஓரிரு நிமிடம் சுற்றவிட்டுத் துணியைப் போடுங்கள். முன்பக்கக் கதவு மெஷினில் இழுப்பறையில் போட்ட பவுடர் பாதி அங்கேயே சேறாக நிற்கிறதா? மாடித் தொட்டி உயரம் போதாமல் தண்ணீர் மெல்ல வரலாம். மெஷினுக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம். அதைச் சரி செய்யும்வரை திரவ டிடர்ஜென்ட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் பவுடர் சோம்பேறி. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியை விடியற்காலையில் தினமும் துவைக்கிறார்கள். ஜில்லென்ற தண்ணீர், அவசரக் கை, கறுப்புத் துணி மூன்றும் சேர்ந்தால் வேட்டி முழுக்க வெள்ளைக் கோடுதான். ஒரு சொம்பு வெந்நீரில் பவுடரைக் கரைத்து வாளியில் ஊற்றினால் போதும். வெயில் நாட்களில் மதியம் மாடித் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பொட்டலம் போன்ற பாட் வகையைப் பயன்படுத்துபவர்கள், அதைத் துணிக்கு அடியில் டிரம்முக்குள் முதலில் போடுங்கள். துணிக்கு மேல் வைத்து, குளிர்ந்த நீரில் குறுகிய சுற்றில் ஓட்டினால் அதன் மேலுறை கரையாமல் துணியில் கோந்தாக ஒட்டும்.

5. கட்டி சோப்புப் பிரியர்களுக்கு ஒரு சொல்

கட்டியில் இரண்டு இனம் உண்டு. எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த பார் சோப்பு ஒன்று. டிடர்ஜென்ட் கட்டி மற்றொன்று. பார் சோப்பு உப்புத் தண்ணீரைக் கண்டால் அதிலிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். வாளி ஓரத்தில் ஒட்டும் சாம்பல் நிற வளையம் அதுதான்; துணியிலும் அதுதான் ஒட்டுகிறது. டிடர்ஜென்ட் கட்டி இந்த விஷயத்தில் தேவலாம். ஆனால் கட்டியாக நிற்பதற்காக அதில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ப்பதுண்டு. அவை கரையவே கரையாது. அலசி வெளியேற்றத்தான் வேண்டும்.

ஆகவே கறுப்பு, கருநீலம், மெரூன் துணிகளில் கட்டியை நேராகத் தேய்க்காதீர்கள். காலருக்கும் கைமடிப்புக்கும் மட்டும், அதுவும் துணியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்து, பிரஷால் இரண்டு இழுப்பு இழுத்து உடனே அலசுங்கள். தேய்த்த சோப்பைத் துணியிலேயே காயவிட்டு, சீரியல் பார்த்துவிட்டு வருவது கூடாது.

6. மெஷினில் மூச்சு விட இடம் வையுங்கள்

7 கிலோ மெஷின் என்றால் 7 கிலோவும் திணிக்க வேண்டும் என்று சட்டமில்லை. துணி போட்ட பிறகு டிரம்மின் மேற்பகுதியில் உங்கள் கை தாராளமாகப் போய்வர வேண்டும். இறுக்கிய துணியின் நடுவில் பவுடர் போகும். அலசும் தண்ணீர் போகாது. ஒரு போர்வையோடு நாலு டீ-ஷர்ட்டைப் போட்டால் போர்வை அவற்றை உள்ளே சுருட்டிக்கொள்ளும். திட்டு விழுவது அந்த டீ-ஷர்ட்களில்தான்.

அரைமணியில் முடியும் குயிக் வாஷ் கொஞ்சம் துணிக்கும் லேசான அழுக்குக்கும் ஏற்பட்டது. அதில் அலசலும் சுருக்கம். பவுடரையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். கறுப்புத் துணிகளைத் திருப்பிப் போட்டு, ஜிப்பை மூடி, பைகளை வெளியே இழுத்துவிட்டுப் போடுங்கள். எது தங்கினாலும் உட்புறத்தில் தங்கட்டும்.

7. அலசும் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இரு அலசலுக்கு நடுவில் பிழிய வேண்டும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நன்றாகப் பிழிந்த பிறகும் உங்கள் துணி 1 லிட்டர் சோப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அலச உங்களிடம் 12 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 லிட்டரையும் ஒரே வாளியில் ஊற்றி ஒரே முறை அலசிப் பிழிந்தால், இருந்த சோப்பில் 13-ல் ஒரு பங்கு துணியில் நிற்கும். அதே 12 லிட்டரை 4 லிட்டராக மூன்று முறை பிரித்து, ஒவ்வொரு முறையும் பிழிந்து அலசினால், முதலில் 5-ல் ஒரு பங்கு, அடுத்து 25-ல் ஒரு பங்கு, கடைசியில் 125-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை. சோப்பு மட்டும் கிட்டத்தட்ட பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

இனிப் பிழியாதவரின் கதை. அதே சோப்புத் தண்ணீரிலிருந்து பிழியாமல் எடுத்த துணி 3 லிட்டரைப் பிடித்துக்கொள்ளும், நடுவிலும் அப்படியே என்று வையுங்கள். மூன்று முறை 4 லிட்டரில் முக்கி முக்கி எடுத்து, கடைசியில் மட்டும் பிழிகிறார். மிஞ்சும் சோப்பு, பிழிந்தவர் துணியில் முதலில் இருந்ததில் மறுபடியும் ஏறக்குறைய 13-ல் ஒரு பங்கு. மூன்று முறை குனிந்து நிமிர்ந்ததன் பலன், ஒரே முறை அலசியதன் பலன்தான்.

சென்னையில் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். தண்ணீர் குறைவாக இருந்தால் முறைகளைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் ஊற்றும் அளவைக் குறையுங்கள். கடைசி அலசல் தண்ணீரை அடுத்த ஈடு துணிக்கு முதல் தண்ணீராக வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து வண்ணார் துறையில் பவுடர் கிடையாது. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, ஆற்றில் அலசினார்கள். உவர்மண்ணில் இருப்பதும் காரம்தான், மண்ணும் சேர்ந்தது. ஆனாலும் வேட்டியில் திட்டு நிற்காது. ஓடும் தண்ணீரில் கல்லில் அடிக்கும் ஒவ்வோர் அடியும் ஒரு பிழிதல். ஒவ்வொரு முக்கலும் ஒரு புதுத் தண்ணீர். இந்தியாவில் சர்ஃப் 1959-லும் நிர்மா 1969-லும் வந்த பிறகு சோப்பு வலுவாகிக்கொண்டே போனது. ஆறும் கிணறும் போய் வாளியும் குழாயும் வந்ததில் அலசல் சுருங்கிக்கொண்டே போனது. திட்டு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

எப்போது போதும் என்று தெரிய வேண்டுமா? கடைசித் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து விரலால் தேயுங்கள். வழுக்கக் கூடாது. துணியின் தடித்த இடத்தை, அதாவது காலரையோ இடுப்புப் பட்டையையோ பிழிந்து, வடியும் தண்ணீரில் நுரை வருகிறதா என்று பாருங்கள். மெல்லிய இடம் சீக்கிரம் சுத்தமாகும். சோப்பு ஒளிந்திருப்பது தடித்த இடத்தில். மெஷினில் இரு அலசலுக்கு நடுவில் சுற்றிப் பிழிவது இந்த வேலைக்காகத்தான். சத்தம் வருகிறதென்று அந்த வேகத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். கறுப்புத் துணிக்கும் துண்டுக்கும் கூடுதல் அலசல் பொத்தானை அழுத்துங்கள். கைக்குழந்தை துணிக்கு அந்தப் பொத்தான் கட்டாயம். தங்கிய சோப்பு பிஞ்சுத் தோலை அரிக்கும்.

8. நீலத்தைத் துணி மேல் சொட்டாதீர்கள்

சொட்டு நீலம் சாயம். தூள் நீலம் கரையாத நுண்துகள். இரண்டுக்கும் ஒரே கட்டளைதான்: முதலில் தண்ணீர், பிறகு நீலம், கடைசியில் துணி. சொட்டு நீலத்தை ஒரு சொம்பில் கரைத்து வாளியில் ஊற்றிக் கலக்குங்கள். தூள் நீலத்தை மெல்லிய துணியில் முடிந்து தண்ணீரில் ஆட்டுங்கள்; முடிச்சுக்குள் நிற்பது நின்றுபோகட்டும். சோப்பு முழுக்கப் போன பிறகே நீலம். துணியை விரித்து ஒரே முறையில் முழுதாக முக்கி, தூக்கித் தூக்கி இரண்டு முறை அசைத்து, உடனே எடுத்துவிடுங்கள். சுருட்டி ஊறவைத்தால் மடிப்புக்கு மடிப்பு கோடு விழும்.

தூள் நீலப் புள்ளி விழுந்த வெள்ளைப் பருத்தியை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் வெளுக்கும். அந்த நீலம் அமிலத்துக்குத் தாங்காது. சொட்டு நீலம் விழுந்தால் காயவிடாமல் உடனே தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவதே மருந்து.

9. கஞ்சியை வடிகட்டுங்கள்

பருத்திச் சேலைக்குக் கஞ்சி அழகு. கறுப்புச் சேலைக்குக் கட்டிக் கஞ்சி அலங்கோலம். சோற்றுக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ மைதாக் கஞ்சியோ, துணியில் வடிகட்டாமல் போடவே போடாதீர்கள். ஒரு பருக்கை நசுங்கினால் ஒரு திட்டு. அடர் நிறத்துக்கு நீர்க்கக் கரையுங்கள், சேலையைத் திருப்பிப் போட்டு முக்குங்கள், நிழலில் காயவையுங்கள்.

காய்ந்த துணியைக் கஞ்சியில் போடாதீர்கள். நனைத்துப் பிழிந்த துணிதான் எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குடிக்கும். காய்ந்தது பட்ட இடத்தில் மட்டும் குடித்துத் திட்டாக நிற்கும். நீண்ட நாள் மடித்து வைக்கப்போகும் சேலைக்குக் கஞ்சி வேண்டவே வேண்டாம். பூச்சிக்கு அது சாப்பாடு.

10. கம்ஃபர்ட்டைக் குறையுங்கள்

வாசனைக்காக மூடி மூடியாக ஊற்றுகிறார்கள். அது துணியின் மேல் ஒரு வழுவழுப்புப் படலத்தை விட்டுச் செல்வதற்காகவே செய்த பொருள். அலசிப் போகாமல் இருப்பதுதான் அதன் குணம். நேராகத் துணியில் விழுந்தால் எண்ணெய்த் திட்டு. வாளியில் கரைத்தோ, மெஷினில் அதற்கென்று உள்ள அறையில் கோட்டுக்குக் கீழேயோதான் ஊற்ற வேண்டும். கடைசித் தண்ணீரில் மட்டும்.

துண்டுக்கு அறவே வேண்டாம். படலம் ஏறிய துண்டு ஈரத்தை உறிஞ்சாது. துண்டு விறைப்பதற்குக் காரணம் சுண்ணாம்பும் சோப்பும்தான். அதற்கு மேல் இன்னொரு படலம் போட்டு மறைப்பதில் என்ன லாபம்?

11. மஞ்சளுக்குப் பிளீச் ஊற்றாதீர்கள்

குழாயில் தெளிந்து வந்த தண்ணீர் வாளியில் நின்றதும் மஞ்சளாகிறதா? அதில் இரும்பு இருக்கிறது. காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. வெள்ளைச் சட்டை மஞ்சளித்தது என்று பிளீச் ஊற்றினால் அது இரும்பை இன்னும் வேகமாகத் துருவாக்கித் துணியிலேயே உட்கார வைத்துவிடும். அந்தத் தண்ணீரை முதல் நாளே பிடித்துத் தெளியவிட்டு, அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை எடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் குழாயில் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிடுங்கள்.

துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, நன்றாக அலசுங்கள். வெள்ளைப் பருத்திக்கு இது சரி. நிறத் துணியில் முதலில் உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று: பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை ஆசிட் எதையும் சேர்க்காதீர்கள். குளோரின் நச்சுவாயு வரும். கதவு மூடிய குளியலறையில் அது விளையாட்டு அல்ல.

12. மெஷினையும் துவையுங்கள்

துணியில் சாம்பல் நிறத் துணுக்குகள் ஒட்டி வந்தால் அது மெஷினின் உள் அழுக்கு. பழைய பவுடரும் கம்ஃபர்ட்டும் சுண்ணாம்பும் நூல் தூசும் டிரம்முக்குப் பின்னால் படிந்து, உதிர்ந்து வருகிறது. மாதம் ஒருமுறை துணி இல்லாமல் அதிகச் சூட்டில் ஒரு சுற்று ஓட்டுங்கள். பல மெஷின்களில் டிரம் கிளீன் என்று தனிச் சுற்றே உண்டு. உப்புத் தண்ணீர் வீடுகளில், சுண்ணாம்பைக் கரைக்க மெஷின்காரர்கள் விற்கும் தூளைச் சொன்ன அளவில் போடுங்கள். இழுப்பறையைக் கழற்றிக் கழுவுங்கள். கதவு ரப்பரின் மடிப்பைத் துடையுங்கள். நூல் வடிகட்டியைத் தட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் கதவைத் திறந்தே வையுங்கள்.

13. கொடியும் இஸ்திரியும் செய்யும் குற்றங்கள்

துணி காயும்போது தண்ணீர் கீழே இறங்கும். கரைந்திருக்கும் உப்பையும் சோப்பையும் கூடவே இழுத்துப்போகும். கடைசியாகக் காயும் ஓரத்தில் அதைக் கோடாக எழுதிவிட்டுப் போகும். சேலை ஓரத்து அலைக்கோட்டின் மர்மம் இதுதான். நன்றாகப் பிழிந்து, உதறி, திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். சொட்டச் சொட்டத் தொங்கவிடாதீர்கள். கொடி இரும்புக் கம்பியானால் துருக் கோடு விழும். நைலான் கயிறு கட்டுங்கள். எதுவானாலும் துணி போடுமுன் ஒரு ஈரத்துணியால் கொடியைத் துடையுங்கள்.

திட்டுள்ள துணிக்கு இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்ட கஞ்சியும் சோப்பும் பழுப்பேறி இறுகிவிடும். ஸ்டீம் இஸ்திரியில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் அதன் துளைகளிலிருந்து வெள்ளைத் துணுக்குகள் தெறிக்கும். கையேட்டில் சொன்ன தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

14. ஏற்கெனவே திட்டு விழுந்துவிட்டதா?

பதற வேண்டாம். காய்ந்த பவுடரை மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, பிழிந்து, இரண்டு முறை அலசுங்கள். மெஷினென்றால் பவுடர் போடாமல் ஒரு சுற்று ஓட்டுங்கள். பவுடர் போடாத தண்ணீரில் எழும் நுரையைப் பார்த்தால் இத்தனை நாள் எவ்வளவு சோப்பைச் சுமந்து திரிந்தோம் என்பது விளங்கும்.

சுண்ணாம்புத் திட்டுக்கும் விறைத்த துண்டுக்கும், 10 லிட்டர் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து அரைமணி ஊறவைத்து அலசுங்கள். பட்டு, ஜரிகைக்கு இது ஆகாது. அவற்றை விஷயம் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். கம்ஃபர்ட் திட்டை நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு தடவி, மெல்லத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் அலசினால் போய்விடும்.

பிள்ளைகளே, விலை கூடிய பவுடரும் பெரிய மெஷினும் வாங்கித் திட்டைத் துரத்தப் பார்க்காதீர்கள். இப்போது போடும் பவுடரில் கொஞ்சம் குறையுங்கள். மிச்சமாகும் காசு உங்களுக்கு. முழுதாகக் கரையுங்கள். பிழிந்து பிழிந்து மூன்று தண்ணீர் அலசுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கறுப்புச் சட்டையில் இதைச் செய்து பாருங்கள். காய்ந்த பிறகு அதில் திட்டு இல்லையென்றால், மீதித் துணிக்கும் அதுவே முறை.